வலைக்கண்ணும் ஆற்றுவாயும்

மீன் பிடிக்கத் தெரியாத ஒருத்தி, பிறந்த நாளிலிருந்து மீனோடு கிடக்கிறவர்களிடம் போய் 'இப்படிப் பிடிக்கக்கூடாது' என்று சொல்வதற்கு அரசாங்கம் மாதாமாதம் சம்பளம் தருகிறது. அந்த உத்தியோகத்துக்குக் கடற்றொழில் பரிசோதகர் என்று பெயர். கல்முனைக்குத் தெற்கே ஓர் ஆற்றுவாயும், அதற்கு உள்ளே இருக்கும் களப்பும், அதாவது உப்புநீர் ஏரியும், பல வருடமாக என் பொறுப்பில் இருக்கின்றன. தபால் கந்தோரோ காணிக் கந்தோரோ, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சனங்களுக்குப் பதில் சொல்கிற யாருக்கும் இனி நான் சொல்லப்போவது புதிதாக இராது.

கண் அளந்தது

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. வலையின் கண் இவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கண் சிறிதானால் குஞ்சு மீனெல்லாம் அகப்பட்டுவிடும். அதை அளக்க ஒரு தகடு தந்திருந்தார்கள். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தோணித்துறைக்குப் போனேன். மீனவர் சங்கத் தலைவர் இஸ்மாயில் காக்கா அங்கே வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர்; எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். தான் இருந்த கதிரையை எனக்குத் தந்து, பிளேன்டீயும் எடுப்பித்தார்.

மூன்று இடத்தில் அளந்தேன். மூன்றிலும் கண் நூலளவு குறைந்தது. அவர் வாதாடவில்லை. வலையைத் தண்ணீரில் தோய்த்து, ஒரு பக்கத்தை என்னிடம் தந்து, மறுபக்கத்தை இழுத்துப் பிடித்து, "இப்ப அளங்க" என்றார். இப்போது அளவு சரியாக வந்தது. காயவைத்து அளப்பதா, நனைத்து அளப்பதா என்று என் கையிலிருந்த சுற்றறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். இஸ்மாயில் காக்கா தலையாட்டினார். "எழுதுங்க மிஸ். பதில் வாற வரைக்கும் மீனையும் கொஞ்சம் பொறுத்திரிக்கச் சொல்லுங்க."

பச்சைப் பெயின்ட்

தங்கூசி வலை கண்ணாடிபோல மெல்லிய நைலோன். தண்ணீருக்குள் கண்ணுக்குப் படாது. அறுந்து அடியில் கிடந்தாலும் மாதக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். அதனால்தான் தடை. ஒரு நாள் காலை ஆற்றுவாய்க்கு உள்ளே அப்படி ஒரு வலையை எங்கள் வள்ளத்தில் இழுத்து ஏற்றினோம். சொந்தக்காரர் என்று ஒருவரும் வரவில்லை. மிதவைக்குக் கட்டியிருந்த பிளாஸ்டிக் கேன்களில் பச்சைப் பெயின்ட் பூசியிருந்தது. அந்தப் பச்சை எனக்குத் தெரியும். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக் கேற்றுக்கு அடித்தது. மிஞ்சிய அரை வாளியை மதினிக்கு, அதாவது என் கணவரின் மூத்த சகோதரிக்கு, நானே கொடுத்தனுப்பியிருந்தேன். மதினியின் புருஷன் நாஸர் காக்கா களப்பில் தொழில் செய்கிறவர்.

அன்று பகல் சோற்றுக்கு இருந்தோம். கணவரிடம் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு, "வேற ஆக்கள்ற வலையெண்டா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டார். பின்னேரம் நான் அறிக்கையை எழுதினேன்.

நாஸர் காக்கா நீதிமன்றத்தில் எதையும் மறுக்கவில்லை. தண்டம் கட்டினார். வலையை அழிக்க உத்தரவாயிற்று. அதற்குப் பிறகு மதினி ஆறு மாதம் எங்கள் வாசலுக்கு வரவில்லை. முதலில் வந்தவர் நாஸர் காக்காதான். எனக்குக் கலியாணமான நாளிலிருந்து தங்கச்சி என்று கூப்பிட்டவர், உள்ளே வராமல் கேற்றடியில் நின்றார். "சட்டப்படி நீங்க செஞ்சது சரிதான் மிஸ். எண்டாலும் அந்தப் பெயின்டத் தந்ததும் நீங்கதான்."

கன்று நட்ட இடம்

உப்புநீர்க் கரையில் வேரூன்றி வளரும் கண்டல் மரத்தை எங்கள் பக்கத்தில் கண்ணா என்பார்கள். அதன் வேருக்குள்தான் இறாலும் நண்டும் குஞ்சாக இருந்து வளரும். களப்புக் கரையில் ஒரு பக்கம் கண்ணா அழிந்து வெட்டையாகக் கிடந்ததால் கன்று நடும் திட்டம் வந்தது. கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். பதாகை கட்டி, படம் எடுத்து, வரிசை வரிசையாக நட்டோம். வாகனம் கிட்டப் போகக்கூடிய இடமாகப் பார்த்து நானேதான் தெரிவுசெய்தேன்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் தடவி இறால் பிடிக்கும் மேரி அக்கா அன்று தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்துப் போனால் கன்றுகளில் பாதியைக் காணவில்லை. யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம். விசாரித்தால் பிடுங்கியவர் மேரி அக்கா. ஆள் ஒளிக்கவுமில்லை, பயப்படவுமில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு கரையோடு கொஞ்சம் மேட்டுப் பக்கம் நடந்தார். பிடுங்கிய கன்றெல்லாம் அங்கே நட்டிருந்தன. நாங்கள் நட்ட இடத்தில் மாரிக்குத் தண்ணீர் வாரக்கணக்கில் நின்று கன்று அழுகிவிடும் என்றார். மாரி வந்தது. பள்ளத்தில் மிஞ்சியிருந்த எங்கள் கன்றுகள் அழுகிப் போயின. மேட்டில் இருந்தவை புது இலை விட்டன. பெரியவர்கள் திரும்ப வந்து அதைப் பார்த்து என்னைப் பாராட்டியபோது, நட்டவர் இவர்தான் என்று மேரி அக்காவை முன்னால் கூப்பிட்டேன். ஏன் இடம் மாற்றினீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "படம் எடுக்கிறதுக்கு அந்த இடம் நல்லம் ஐயா. மரம் வளர்றதுக்கு இந்த இடம் நல்லம்."

மண்வெட்டியோடு வந்தவர்

ஆற்றுவாயில் மணல் சேர்ந்து அடைபட்டிருக்கும் காலத்தில்தான் களப்புக்குள் இறால் வளரும். அதே காலத்தில் மழை விடாமல் பெய்தால் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் வயலுக்குள் ஏறும். மணலை வெட்டிவிட்டால் வயல் தப்பும், இறால் கடலுக்குப் போய்விடும். வெட்டலாமா என்று மேலிடம் கேட்டால் மீன்பிடித் தொழில் பக்கத்துக் கருத்தை நான் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு மார்கழியில் ஐந்து நாள் மழை. காரைதீவுப் பக்கத்து வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை சிவலிங்கம் அண்ணன் நனைந்தபடி கந்தோருக்கு வந்து, "இண்டைக்கே வெட்டவேணும் மிஸ்" என்றார். அவர் இருக்கும்போதே இஸ்மாயில் காக்காவும் வந்துவிட்டார். இரண்டு கிழமை பொறுத்தால் இறால் விலைக்குப் போகும், சங்கத்தில் எல்லாக் குடும்பமும் அதைத்தான் நம்பி இருக்கிறது என்றார்.

எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டேன். மழை குறையும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. குறையவில்லை. இரண்டாம் நாள் காலை அவர்கள் இருவரையும் ஒரே தோணியில் ஏற்றிக்கொண்டு போனேன். இஸ்மாயில் காக்கா களப்பில் வலை வீசினார். வந்த இறால் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. சிவலிங்கம் அண்ணன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டார். பிறகு வயல் பக்கம் போனோம். பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே ஊசி ஊசியாகத் தெரிந்தது. பல இடத்தில் அதுவும் இல்லை. வட்டவிதானை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாங்குகோலை ஊன்றிக்கொண்டு நின்ற இஸ்மாயில் காக்காதான் தோணியைத் திருப்பினார்.

அன்று பகலே வெட்டச் சொல்லி எழுதினேன். வெட்டும் இடத்துக்கு இஸ்மாயில் காக்கா தன் மண்வெட்டியோடு வந்திருந்தார். நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். முதல் மண்ணைக் கொத்திப் போட்டுவிட்டுச் சொன்னார்: "சோறு இல்லாம இறால் ஆணத்த வெச்சி என்ன செய்யிற மிஸ்?"

இரண்டு மனு

பயிரில் பாதிக்கு மேல் தப்பியது. இறால் போனது போனதுதான். அந்த வருடம் தோணித்துறையில் பலர் ஒலுவில் துறைமுகத்துப் படகுகளுக்குக் கூலிக்குப் போனார்கள். நான் அந்தப் பக்கம் போகவே கூசினேன். அடுத்த மாதம் என்னிடம் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து இரண்டு மனு ஒன்றாக வந்தன. மீனவர் சிலர் கையெழுத்திட்ட மனுவில், பரிசோதகர் அவசரப்பட்டு வெட்டச் சொன்னதாக இருந்தது. விவசாயிகள் சிலரின் மனுவில், பரிசோதகர் இரண்டு நாள் வீணாக்கியதாக இருந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டையும் எழுதியது ஒரே கை, ஒரே மைப்பேனை, கடைசியில் ஒரே 'தயவுடன் கவனிக்கவும்'.

அந்த எழுத்து யாருடையது என்று கல்முனையில் எல்லோருக்கும் தெரியும். நீதிமன்றத்துக்கு முன்னால் குடையின் கீழ் இருந்து மனு எழுதும் ஓய்வுபெற்ற மாஸ்டரிடம் போனேன். இரண்டையும் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, பிழை திருத்துகிறவர்போல முழுவதையும் வாசித்தார். பிறகு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ரெண்டும் நான் எழுதினதுதான் மிஸ், நியாயமாத்தான் எழுதியிரிக்கன். இரிங்க, உங்கட பதிலையும் எழுதித் தாறன்."

இந்த ஆற்றுவாயில் என்னைப்பற்றி இன்னும் முறைப்பாடு செய்யாதவை மீன்கள் மட்டும்தான். அவற்றுக்கு எழுதத் தெரியாததை என் உத்தியோகத்தில் கிடைத்த ஒரே சலுகையாக எடுத்துக்கொள்கிறேன்.