விருப்பமான தலைப்பில் எழுதுங்கள்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடைக்காரர் சிரித்தால் நான் தராசைப் பார்ப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து நாவுலப் பக்கத்து முஸ்லிம் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தமிழ் ஆசிரியையாக நியமனம் கிடைத்து வந்தபோதும் அந்தக் குணத்தை வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை. ஆனால் தரம் பத்துப் பிள்ளைகளிடம் நான் தோற்றுத்தான் போனேன். அவர்கள் என்னையும் விஞ்சிய சந்தேகக்காரர்கள்.

கட்டுரை என்றால் டியூஷனில் பாடமாக்கியதைத்தான் அவர்கள் எழுதுவார்கள். எல்லாக் கொப்பியிலும் அதே சூரியன், அதே பொற்கதிர்கள், அதே பறவைகள். வாசித்து வாசித்து எனக்கு விசர் பிடித்தது. ஒருநாள் சொல்லிவிட்டேன்.

“இனி நான் தலைப்புத் தரமாட்டன். விருப்பமானதை எழுதுங்கோ. வீட்டைப் பற்றியோ, சண்டையைப் பற்றியோ, என்னவெண்டாலும் சரி.”

“அதிபர் பாப்பாரா டீச்சர்?”

“மாட்டார்.”

“பரீட்சையில போல புள்ளி ஈக்குதா?”

“இல்லை.”

“அப்ப எதுக்கு டீச்சர் எழுதச் சொல்றீங்க?”

அடுத்த கிழமை கொப்பிகளைத் திறந்தேன். முதல் கொப்பியில் ‘எங்கள் தமிழ் ஆசிரியை’. அடுத்ததிலும் அதுவே. கடைசிக் கொப்பி வரைக்கும் நான்தான். என் பொறுமை, என் புன்சிரிப்பு, என் அன்பு. பொறுமையாம், எனக்காம்! கூடிப் பேசி, ஒருவரும் தனியாக மாட்டிக்கொள்ளாத தலைப்பாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

அவற்றில் பின்வரிசைப் பிள்ளை ஒருத்தியின் கொப்பியில் ஒரு வசனம் வெட்டப்பட்டிருந்தது. கோட்டுக்கு அடியில் எழுத்துத் தெரிந்தது: ‘பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல எங்கள் ஆசிரியை எங்களைப் பார்ப்பார்.’ எனக்குச் சுரீர் என்றது. இந்தப் பிள்ளைக்கு எழுத வரும். வந்ததை வெட்டிவிட்டுப் புன்சிரிப்பைப் பற்றி எழுதியிருக்கிறாள்.

இடைவேளையில் அவளுடைய கூட்டாளியைப் பிடித்துக் கேட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

“முந்தி இங்க ஈந்த தமிழ் டீச்சர் இந்த ஊர்தான். இவட உம்மாவும் வாப்பாவும் ஒருத்தரோட ஒருத்தர் பேசாம ஈக்கிறத இவ எழுதினா. டீச்சர் அத ஸ்டாஃப் ரூம்ல வாசிச்சுக் காட்டிட்டாங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள்ள ஊரெல்லாம் கதையாப் போச்சு. வாப்பா கொப்பியக் கிழிச்சுட்டாரு. அதுல இருந்து இவ பாடமாக்கினதத்தான் எழுதுவா.”

சூடு கண்ட பூனை. அவளைக் குறை சொல்ல முடியுமா? போவதற்கு முன் இந்தப் பிள்ளையை மறுபடி எழுத வைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறியே எனக்கு வந்துவிட்டது. ஆம், போவதற்கு முன். ஊருக்கு இடமாற்றம் கேட்டிருந்தேன். அதிபரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தேன்.

அடுத்த கட்டுரைப் பாடத்தில் அந்தப் பின்வரிசைப் பிள்ளையே எழுந்து நின்றாள்.

“டீச்சர், ஒங்களுக்கு ட்ரான்ஸ்ஃபர்னு கதைக்கிறாங்க. மெய்யா?”

யார் சொல்லியிருப்பார்கள்? அதிபரா, பியோனா, என் அறை வீட்டுக்காரியா? மனசுக்குள் ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தேன். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போகிறவளை நம்பி எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்? ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொன்னால் பிடித்துவிடுவாள்.

“மெய்தான்,” என்றேன். “அடுத்த வருசம் போயிடுவன்.”

“எங்க?”

“யாழ்ப்பாணத்துக்கு.”

“அங்க எங்கட ஊர் ஆக்கள் யாரையும் தெரியுமா?”

“ஒருத்தரையும் தெரியாது.”

“திரும்ப இங்க வருவீங்களா?”

“வரமாட்டன் எண்டுதான் நினைக்கிறன்.”

அவள் முகம் தெளிந்தது. அத்தனை நாளில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“அப்ப சரி டீச்சர்.”

உட்கார்ந்தாள். கொப்பியைத் திருப்பி ஒரு புதுப் பக்கம் எடுத்தாள். எழுதத் தொடங்கினாள். பக்கத்துப் பிள்ளை அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேனையைத் திறந்தாள். பிறகு முன்வரிசை, பிறகு சன்னல் ஓரம். சற்று நேரத்தில் வகுப்பு முழுக்கத் தலை குனிந்துவிட்டது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோசம்தான். ஆனாலும் ஒரு பிள்ளையாவது நிமிர்ந்து, போகாதீங்க டீச்சர் என்று சொல்லும் என்று மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.