கொலு வீட்டு சோபா

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மயூர் விஹாரில் எங்கள் பக்கத்து ஃப்ளாட் மாமி வீட்டுக் கொலுவுக்கு, எட்டாவது படிக்கும் என் மகளை அழைத்துப் போயிருந்தேன். சுண்டல் வாங்க அவள் எழுந்தபோது, சோபாவில் சின்னதாக ஒரு ரத்தக் கறை. அவளுக்கு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் அவளை மறைத்துக்கொண்டு, "நானே துடைச்சுடறேன் மாமி" என்றேன்.

"கொலு வச்ச வீட்டுக்கு நாள் பார்த்துக் கூட்டிண்டு வரப்படாதோ?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாள் மாமி. உள்ளே போய், சோபாக் கறையை நனைத்து உறிஞ்சும் புது மெஷினை எடுத்து வந்தாள். அது போட்ட இரைச்சலில் பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்திவிட்டார். எல்லார் கண்ணும் என் மகள் மேல். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயில் வந்ததோ, "சாரி மாமி."

கறை உடனே போய்விட்டது. மாமி விடவில்லை. "முழுசாப் பண்ணினாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்று சோபா முழுவதையும் தேய்த்தாள். மெஷினின் அழுக்குத் தொட்டியில் சாக்கடை மாதிரி தண்ணீர் ஏறிக்கொண்டே போனது.

அதையே பார்த்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "அரே ஆன்ட்டி, சிவப்பு மட்டும்தான் என்னோடது. இந்தக் கறுப்பெல்லாம் யாரோடது?"

மாமி மெஷினை அணைத்தாள்.

பெரியவர்களிடம் அப்படிப் பேசலாமா என்று அவளைக் கண்டிக்க எனக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்ன அந்த 'சாரி'யை எப்படித் திரும்ப வாங்குவது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.