முன்னால் போன சைக்கிள்

ஜெகபர் சாதிக் கதை கட்டுகிற ஆள் இல்லை. திருச்சி பெரிய கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "வாங்க, பவர் செக் பண்ணிடலாம்" என்று சிரிப்பவர். அவருக்குத்தான் இது நடந்தது. வலது முழங்கையில் ஏழு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அவருடைய போனில் ஓர் அழைப்பின் பதிவும் இருக்கிறது. இரண்டையும் பார்த்தவர்கள் உண்டு. கூட்டாமல் குறைக்காமல், நடந்தபடியே சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஸ்தனிஸ்லாஸ். ரயில் என்ஜின் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். இருவருக்கும் ஒரே வாரத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். "தினமும் சைக்கிள் ஓட்டுங்க. மேடு பள்ளம் இல்லாத ரோடா பாத்து, மெதுவா" என்று டாக்டர் இருவருக்கும் ஒரே யோசனையைத்தான் சொன்னார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டினார்கள்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலிருந்து மேலூர் பக்கம் போகும் காவிரிக் கரைச் சாலை அவர்களுடையது. சமதளமான வழி. இடது கைப் பக்கம் ஆறு, வலது கைப் பக்கம் வாழைத் தோட்டம். குழந்தைகூட ஓட்டலாம். எப்போதும் ஸ்தனிஸ்லாஸ் முன்னால் போவார். "நான் ரயில் டிரைவர், நீங்க பின்னால வர்ற கார்டு. கார்டு முந்தக் கூடாது பாய்" என்பார். அவர் சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு, விட்டு விட்டு மின்னும். இருட்டில் அதைப் பார்த்துக்கொண்டே ஜெகபர் பின்னால் போவார்.

போன தை மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை.

ஜெகபர் வீட்டிலேயே விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு சிந்தாமணியிலிருந்து கிளம்பினார். பாலத்தில் ஏறும்போதே பனி முகத்தில் அடித்தது. ஆறு தெரியவில்லை. மலைக்கோட்டை விளக்கும் தெரியவில்லை. அம்மா மண்டபம் தாண்டி, கடைகள் முடிகிற இடத்தில் ஒரு மின்கம்பம் உண்டு. அதுதான் அவர்கள் சந்திக்கும் இடம். அங்கே வந்தபோது மணி ஐந்து நாற்பது.

ஸ்தனிஸ்லாஸ் ஏற்கெனவே நின்றிருந்தார். முதுகு இந்தப் பக்கம். தலையில் குரங்குக் குல்லா, அதே நீல ஸ்வெட்டர்.

"என்ன சார், இன்னைக்கு முந்திட்டீங்க?"

சைக்கிள் நகர்ந்தது. தினமும் கிளம்பும்போது "ரைட் குடுங்க கார்டு" என்று கத்துவார். அன்று கத்தவில்லை. வீட்டில் மனைவி டோரதி அக்காவோடு ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஜெகபர் மிதித்தார்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்தச் சிவப்பு விளக்கைக் கவனித்தார். அது மின்னவில்லை. விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

பேட்டரி மாற்றியிருப்பாரோ?

இன்னொன்றும் உறுத்தியது. ஸ்தனிஸ்லாஸின் சைக்கிளில் செயின், கவரில் உரசி 'கரக்… கரக்…' என்று கத்தும். எண்ணெய் போடச் சொல்லிச் சொல்லி ஜெகபருக்கு அலுத்துவிட்டது. அன்று அந்தச் சத்தம் இல்லை. தன்னுடைய டயர் சத்தம் மட்டும்தான் ஜெகபருக்குக் கேட்டது.

மணி ஐந்து நாற்பத்தொன்பது. மேலூருக்கு முன்னால் நான்கைந்து நாய்கள் எப்போதும் குலைத்துக்கொண்டு துரத்தும். அன்றும் நின்றிருந்தன. ஒன்றுகூடக் குலைக்கவில்லை. முன்னால் சைக்கிள் போகப் போக, வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக ஒதுங்கின. ஒரு கறுப்பு நாய் மட்டும் வேலியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது.

ஜெகபர் குரல் கொடுத்தார்.

"சார்… கொஞ்சம் மெதுவா!"

ஜெகபர் வேகத்தைக் குறைத்தார். முன்னால் இருந்ததும் குறைத்தது. வேகமாக மிதித்தார். அதுவும் வேகமானது. நடுவில் இருந்த தூரம் ஒரு முழம்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

அப்போதுதான் கால்களைப் பார்த்தார்.

முன்னால் இருந்தவரின் கால்கள் பெடலில் இருந்தன. ஆனால் மிதிக்கவில்லை.

பெடல் சுற்றவே இல்லை.

பாசியும் சேறும் கலந்த வாடை குப்பென்று வந்தது. சிவப்பு விளக்கு இடது பக்கம் திரும்பியது. ஆற்றுப் பக்கம். இவருடைய சைக்கிளும் திரும்பியது… தான் திருப்பினோமா என்று ஜெகபருக்கு இன்றுவரை தெரியாது. சக்கரத்துக்கு அடியில் தார் போய் மண் வந்தது. சரிவு. சைக்கிள் தானாக ஓடியது.

டிர்ர்ர்… டிர்ர்ர்…

ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போன். திரையில் வெளிச்சம்.

'ஸ்தனிஸ்லாஸ் சார்.'

ஜெகபர் திரையைப் பார்த்தார். முன்னால் பார்த்தார். முன்னால் போனவரின் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில்தான் இருந்தன.

திரையைத் தொட்டார்.

தூக்கத்தில் பேசுகிற மாதிரி குரல். ஆனால் ஸ்தனிஸ்லாஸின் குரல்தான்.

"பாய்… முன்னாடி போறது நான் இல்ல. பிரேக் பிடிங்க."

பிடித்தார்.

சைக்கிள் சறுக்கியது. விழுந்தார். முழங்கை கல்லில் மோதி, சூடாக ரத்தம் வழிந்தது. நிமிர்ந்தார். முன் சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கரை இல்லை. இரண்டு ஆள் ஆழத்தில் காவிரி ஓடியது.

சிவப்பு விளக்கு நிற்கவில்லை.

தண்ணீரின் மேல்… அதே உயரத்தில்… நேராகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு நின்றது.

பிறகு மறைந்தது. அணையவில்லை. சைக்கிளைத் திருப்பினால் பின்விளக்கு மறையுமே… அப்படி.

டிரிங்.

மணி ஒரே ஒரு முறை அடித்தது.

மிகப் பக்கத்தில்.

ஜெகபர் ஹேண்டில்பாரிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். என்ன ஓதினார், எங்கே மிதித்தார் என்று அவருக்கு ஞாபகமில்லை. தார்ச்சாலையில் ஏறியபோது ஒரு டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. வாழைத் தோட்டத்து வேலைக்குப் போகும் மயிலம்மாள் என்ற பெண்.

"ஐயோ, ரத்தமா வருதே! அந்தப் பக்கம் ஏங்க போனீங்க? ஆடி வெள்ளத்துல கரையே அறுத்துக்கிட்டுப் போயிடுச்சுங்களே!" தன் துண்டை அவிழ்த்து அவர் கையில் கட்டினாள். சரிவுப் பக்கம் டார்ச்சைத் திருப்பினாள். "உங்க முன்னாடி போனவரு எங்கங்க?"

ஜெகபர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க… பாத்தீங்களா?"

"பாத்தேனே. ரெண்டு பேரும் என்னைத் தாண்டித்தான போனீங்க? அவரு திரும்பித் திரும்பி உங்களையே பாத்துக்கிட்டுப் போனாரு."

ஜெகபர் ஒரு முறைகூட அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அது ஒரு முறைகூடத் திரும்பவில்லை என்று அவர் சத்தியம் செய்வார்.

அங்கேயே உட்கார்ந்து ஸ்தனிஸ்லாஸுக்குப் போன் போட்டார். மூன்றாவது முறைதான் எடுத்தார்கள். டோரதி அக்கா. அழுகைக்கு நடுவில் ஒரே வார்த்தைதான் புரிந்தது.

"போயிட்டாரு பாய்…"

திருவானைக்காவலில் அவர்கள் வீட்டுக்கு ஜெகபர் போனபோது ஸ்தனிஸ்லாஸைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே பூட்டிக் கிடந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார் வந்து பார்த்த டாக்டர். உயிர் போய் மூன்று மணி நேரமாவது இருக்கும் என்றும் சொன்னார்.

ஜெகபரின் போனில், அழைப்புப் பட்டியலில் பதிவு இருந்தது. காலை 5.58. பத்தொன்பது நொடி. ஸ்தனிஸ்லாஸின் போன் ராத்திரி முழுக்க அவர் தலைமாட்டில் சார்ஜில் கிடந்தது. அதில் அப்படி ஒரு அழைப்பே இல்லை.

அந்த வாரம் முழுக்க, நடந்ததை ஜெகபர் யாரிடமும் சொல்லவில்லை. வழுக்கி விழுந்ததாகத்தான் வீட்டிலும் சொன்னார். போனில் கேட்ட வார்த்தைகளைத் தன் மனைவி ரோஷன் பேகத்திடம்கூடச் சொல்லவில்லை. கணவனைப் பறிகொடுத்த டோரதி அக்காவிடம் போய் எப்படிச் சொல்வது?

அடக்கம் முடிந்து ஏழாம் நாள் துக்கம் கேட்கப் போனார். டோரதி அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

"உங்கள ஒண்ணு கேக்கணும் பாய். அன்னைக்கு விடியக்காலம் மூணு பத்துக்கு இவரு திடீர்னு எந்திரிச்சு உக்காந்தாரு. கண்ணு மூடித்தான் இருந்துச்சு. கையக் காதுல வச்சுக்கிட்டாரு, போன் பேசற மாதிரி. கையில போன் இல்ல."

ஜெகபர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"'பாய், முன்னாடி போறது நான் இல்ல, பிரேக் பிடிங்க'ன்னாரு. கனவு காண்றாருன்னு நெனச்சேன். படுங்கன்னா படுக்கல. 'கேட்டுச்சா, பாய்க்குக் கேட்டுச்சா'ன்னு என்னையே போட்டு உலுக்குறாரு." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தூங்கட்டுமேன்னு, 'கேட்டுச்சுங்க, பாய் நிறுத்திட்டாரு'ன்னேன்.

"அப்புறம்தான் பாய் படுத்தாரு."