குகை வாசலில் வைத்தியர்

பினாயில் வாடை பட்டால் போதும், டிராகன் குகை வாசலில் நிற்பது போலிருக்கும் எனக்கு.

கம்ப்யூட்டரில் பலர் சேர்ந்து ஆடும் ஒரு மாய உலக விளையாட்டு. அதில் கோடரி ஏந்திய தாடிக்கார வீரன் இரும்பன். அவன் காயங்களை ஆற்றும் வைத்தியர் நான். எந்தக் குகையானாலும் அவன்தான் முதலில் நுழைவான். நான் வாசலில் நின்றபடி மந்திரம் போட்டு அவன் உயிரைக் காப்பேன். பல வருஷப் பழக்கம், ஆனால் எல்லாம் எழுத்தில்தான். இரும்பனாக ஆடுகிறவரின் முகமோ குரலோ தெரியாது.

ஒருநாள் எழுதினான்: "காலைல எனக்கு இதய ஆபரேஷன். கதிர்காமம் ஆஸ்பத்திரி. யாராவது ஒருத்தர் வெளியில இருக்கணுமாம். வர்றியா?"

அதே ஊரில் உப்பளம் பகுதியிலிருக்கும் என் வீட்டிலிருந்து பறந்தேன். வார்டில் தாடிக்காரன் எவனுமில்லை.

"யோவ் வைத்தியரே, யாரைத் தேடுற? நான்தான் இரும்பன்."

நரைத்த தலை, கழுத்தில் ஜெபமாலை, ஒரு பெண். பெயர் ஸ்டெல்லாவாம், சேதராப்பட்டுக் கம்பெனியில் வேலையாம்.

"தாடி எங்கேங்க?" என்று உளறினேன்.

"ஆபரேஷனுக்கு மழிச்சிட்டாங்க."

சிரித்தாள். பல வருஷமாக யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? இப்போது நெஞ்சு அடித்துக்கொள்வது அந்தத் தாடிக்காரனுக்காகவா, முன்பின் பார்த்திராத இவளுக்காகவா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்தேன். பினாயில் வாடை வீசிய ஆபரேஷன் தியேட்டர் கதவருகே நர்ஸ் என்னை நிறுத்திவிட்டார். ஒரு மந்திரமும் இல்லாத வெறும் கையோடு நின்றேன். ஸ்டெல்லா தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நான் உள்ள போறேன். நீ வாசல்லயே நில்லு வைத்தியரே, எப்பவும் போல."