மூத்த சகலை தூக்கிவந்த நீலக் கிண்ணம்

லிஃப்ட் மெக்கானிக்குகள் பழிவாங்கும் ரகம் அல்ல. ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவே, இருட்டில், இடுப்பில் கட்டிய ஒரு பெல்ட்டை நம்பித் தொங்குகிறவன் யாரையும் பகைத்துக்கொள்வது உடம்புக்கு ஆகாது. மேலே மோட்டார் அறையில், சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பவன் யாருடைய மச்சானோ, யார் கண்டது? இந்த ஒரு காரணத்தாலேயே அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் சாதுக்கள். நம் மெக்கானிக்கும் நாற்பது வயது வரை அப்பேர்ப்பட்ட சாதுவாகத்தான் காலம் தள்ளினார்.

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கதவைத் தட்டி ஊரைக் கூட்டுவார்கள். அவர் நிதானமாக வந்து, கதவிடுக்கில் வாயை வைத்து, "பதறாதீங்க. காத்து வருது. இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல" என்பார். இந்த ஆறுதலைக் கேட்டு எவரும் அமைதியானதாகத் தகவல் இல்லை. ஆனால் அவர் மாத்திரம் கடைசி வரை அமைதியாக இருப்பார். வீட்டிலும் அதே முறைதான். மனைவி திட்டத் தொடங்கினால் ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பிப்பார். திட்டு முடிவதற்குள் பெட்டியிலுள்ள அத்தனை சாமானும் பளபளத்துவிடும்.

இப்படிப்பட்ட மனிதரைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கியது ஒரு தட்டு பச்சிலை.

நகரத்தின் பெரிய தபால் நிலையத்துக்குப் பின்னால், தையல் மிஷின் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே, ஒரு பாரசீகச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகையைத் தேட வேண்டாம். தெருமுனை வரை நிற்கும் வரிசையே போதும். பெரிய ஓட்டல்களில் தண்ணீருக்கு வாங்குகிற காசுக்கு இங்கே குங்குமப்பூ மணக்கும் சோறும் இரண்டு கம்பி கபாபும் சாப்பிட்டு, பல்குச்சியோடு வெளியே வரலாம். பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்து தள்ளிய பிறகும் கடையை நடத்தும் பாரசீக அம்மாள் விலையை ஏற்றவில்லை. அதனால் டாக்ஸிக்காரரும் ஹைகோர்ட் வக்கீலும் ஒரே வரிசையில் நின்று ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். சோற்றுப் பானையின் அடியில் பொன்னிறமாக முறுகிப் பிடித்திருக்கும் பகுதிக்கு அங்கே தனிக் கிராக்கி. இதையே வீட்டில் அடிப்பிடிக்க விட்டிருந்தால் என்னென்ன கேட்டிருப்போம் என்பதை மறந்து, குடும்பத் தலைவர்கள் கடைசித் துண்டுக்காக அடித்துக்கொள்வார்கள்.

அங்கேதான் மூத்த சகலை விருந்து வைத்தார். மெக்கானிக்கின் மனைவியுடைய அக்கா புருஷன். இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளை மேலாளராக உயர்ந்ததற்காக வைத்த விருந்து அது. எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் மெனு அட்டையை அவர்தான் பிடுங்குவார். மற்றவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பதையும் அவர்தான் சொல்வார். போகாத ஊரைப் பற்றியும் சாப்பிடாத பண்டத்தைப் பற்றியும் அவர் பேசினால், அந்த ஊர்க்காரனே குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுவான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தட்டு வந்தது. புதினா, துளசி போன்ற ஏதோ இலை, முள்ளங்கி, பச்சை வெங்காயம், ஒரு துண்டு வெள்ளைச் சீஸ், பக்கத்தில் சூடான ரொட்டி. காலையிலிருந்து லிஃப்ட் குழிக்குள் கிடந்த மெக்கானிக்குக்குப் பசி. மூத்தவர் பாரசீகத்தின் சரித்திரத்தை விளக்கி முடிப்பதற்குள் தட்டைக் காலி செய்துவிட்டார்.

"ஏய், ஏய்! என்னப்பா பண்ற? அது அலங்காரத்துக்கு வச்சதுய்யா!" என்று மூத்தவர் அலறிவிட்டுத் தன் மனைவியின் பக்கம் திரும்பினார். "தழையப் பூரா மேஞ்சுட்டானே! உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கச் சொன்னா, உங்கப்பா ஆட்டைப் புடிச்சுக் கட்டி வச்சிருக்காரு பாரு!"

மேஜையே சிரித்தது. பக்கத்து மேஜையும் சிரித்தது. மெக்கானிக்கின் மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதுதான் அவருக்கு உள்ளே இறங்கியது.

அன்றைக்குப் பிறந்தது பெயர். மூத்தவரின் பிள்ளைகள் 'ஆட்டுச் சித்தப்பா' என்றார்கள். குடும்ப வாட்ஸப்பில் கீரைப் படம் வந்தால் கீழே அவரைக் குறித்துச் சிரிப்பு பொம்மைகள் வரும். ஒரு வாரம் கழித்து அவர் தனியாக அதே கடைக்குப் போய்க் கவனித்தார். பாரசீகர்கள் அத்தனை பேரும் அந்த இலைகளை ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது சாப்பிடத்தான்! இந்த மகத்தான உண்மையை அவர் வீட்டில் தாக்கல் செய்தபோது மூத்தவர் தொப்பை குலுங்கச் சொன்னார்: "பாருங்கடா, ஆடு தழைக்கு வக்கீலா வந்திருக்கு!"

உண்மைக்கு உலகத்தில் என்ன மதிப்பு என்பது அன்றைக்கு அவருக்கு விளங்கியது. ஆனாலும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது, மூத்தவர் ஒருநாள் ஏதோ வேலையாக அவர் பராமரிக்கும் கட்டடத்துக்கு வந்தபோதுதான். அப்போதுதான் மெக்கானிக்குக்கு சூப்பர்வைசர் பதவி வந்திருந்தது. கீழே நாலு பேரை நிற்க வைத்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, பாதுகாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து ஒரு குரல்: "ஏய் ஆடு! இங்கயா மேயற?"

மறுநாளிலிருந்து அந்த நாலு பேரும் அவரை 'ஆடு சார்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் என்றால்கூடப் போகட்டும். மரியாதையாக, நேருக்கு நேர்.

அன்று அவர் மோட்டார் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சபதம் எடுத்தார்: நாலு பேர் முன்னால் மூத்தவரின் வாயாலேயே தன் பெயரைச் சொல்ல வைப்பது. புராண காலமாக இருந்தால் இடி இடித்திருக்கும். அந்த நேரம் பார்த்து மூன்றாவது மாடியில் யாரோ பொத்தானை அழுத்த, மோட்டார் உறுமியது. அதை அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

சபதத்தை நிறைவேற்ற எங்கே போவது? அவமானம் நடந்த இடத்துக்கே போனார். வாரம் ஒருமுறை வரிசையில் நின்றார், சாப்பிட்டார், கறுவினார். முதலாளி அம்மாள் கல்லாவில் இருப்பார். அவருக்குப் பின்னால் அலமாரியில், தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த நீல நிறக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதைத் தினமும் அவரே துடைத்து வைப்பார். போகப்போக மெக்கானிக்கைக் கண்டால் அவராகவே முறுகிய சோறு ஒரு துண்டு அனுப்பிவைக்கும் அளவுக்குப் பழக்கமானது.

ஒருநாள் ஒரு பாரசீக வாடிக்கையாளர் அம்மாளின் சால்வையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். அம்மாள் உடனே அதைக் கழற்றி, "உங்களுக்குத்தான், எடுத்துக்குங்க" என்று நீட்டினார். அவர் பதறி மறுத்தார். அம்மாள் வற்புறுத்தினார். மறுபடி மறுத்தார். மறுபடி வற்புறுத்தினார். மூன்றாவது மறுப்புக்குப் பிறகு சால்வை திரும்ப அம்மாளின் தோளுக்கே போனது. இருவரும் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்கள்.

"என்ன மாஸ்டர் கூத்து இது?" என்று கபாப் அடுப்பில் நின்றவரைக் கேட்டார் மெக்கானிக்.

"எங்க ஆளுங்க மரியாதை இது. நல்லா இருக்குன்னு சொன்னா, எடுத்துக்கன்னு சொல்லணும். எடுத்துக்கன்னா, வேணாம்னு சொல்லணும். கொடுக்கறதோ வாங்கறதோ, மூணு தடவை. மூணாவது தடவை சொல்றதுதான் நிஜம்."

"முதல் தடவையே வாங்கிட்டா?"

மாஸ்டர் கம்பியைத் திருப்புவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த மாதிரி மனுஷன நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

மெக்கானிக் பார்த்திருந்தார். நெருங்கிய உறவு.

சூப்பர்வைசர் ஆனதற்கு விருந்து என்று இரு குடும்பத்தையும் அழைத்தார். மூத்தவரைக் கல்லாவுக்கு நேர் எதிரே உட்கார வைத்தார். அந்தச் சாதுவின் குரலில் அன்றைக்குத் தேன் ஒழுகியது.

"அண்ணே, பழைய பொருளப் பத்தி உங்கள விட்டா யாருக்குத் தெரியும்? அந்த நீலக் கிண்ணம் நல்லதா, டூப்ளிகேட்டா?"

இது போதாதா? மூத்தவர் எழுந்து கல்லாவுக்கே போய்விட்டார். "ஆஹா! என்ன கலரு, என்ன வேலைப்பாடு! இந்த மாதிரி ஒண்ணு வீட்ல இருக்கணும்மா!"

அம்மாள் நெஞ்சில் கை வைத்தார். "உங்களுக்குத்தான் ஐயா. எடுத்துக்குங்க. உங்களுக்கு முன்னால இதெல்லாம் ஒரு பொருளா?"

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றார் மூத்தவர். "கொண்டு போறதுக்கு ஒரு பை கிடைக்குமா?"

அம்மாளின் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. அடுப்பில் ஒரு கம்பி கருகியது. மெக்கானிக் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரியாக அந்தச் சமயம் பார்த்து அவர் வாயில் ஒரு பெரிய கபாப் துண்டை வைத்துக்கொண்டார். வாயில் சாப்பாட்டோடு பேசக்கூடாது என்பதில் அவர் கறாரானவர். அம்மாள் தன் கையாலேயே கிண்ணத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்து முடிக்கும் வரை கபாபை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அந்தக் கடைக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. காலியான அலமாரி கண்ணில் பட்டுவிடுமே! ஆனால் வைராக்கியம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? கிண்ணம் மூத்தவரின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு குட்டி பல்பின் கீழே கொலுவிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அதன் கதை சொல்லப்பட்டது. பாரசீக அம்மாள் அவருடைய ரசனையைக் கண்டு மெய்மறந்து கொடுத்ததாம். மெக்கானிக் காத்திருந்தார். கம்பெனியின் மண்டல மேலாளரே குடும்பத்தோடு விருந்துக்கு வந்த நாளன்று, எல்லோர் காதிலும் விழும்படி மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அது அந்தம்மா தாய்வீட்லேருந்து கொண்டுவந்த கிண்ணம். எடுத்துக்கங்கன்னு அவங்க ஊர்ல சும்மா மரியாதைக்குச் சொல்றதாம். மூணு தடவை வேணாம்னு சொல்லணுமாம். முதல் தடவையே வாங்கிட்டு, பை வேற கேட்ட ஆள இதுவரைக்கும் பாத்ததில்லன்னு மாஸ்டர் சொன்னாரு."

பையைப் பற்றி மாஸ்டர் சொன்னதில்லை. அது மெக்கானிக்கின் சொந்தச் சரக்கு.

மண்டல மேலாளரின் மனைவி தண்ணீர் குடிக்கிற பாவனையில் சிரித்தாள். மூத்தவரின் மனைவி சிரிக்கவில்லை. "அது அவங்க அம்மா வீட்டுப் பொருளா தம்பி?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் புருஷன் பக்கம் திரும்பினாள். "இத்தனை நாளா இதைத் தொடச்சுத் தொடச்சு வச்சிருக்கேன். நாளைக்கே கொண்டு போய்க் கொடுக்கறீங்க. நானும் வரேன். எல்லாரும் வரோம்."

மறுநாள் வரிசை வழக்கத்தை விட நீளம். மூத்தவர் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நழுவப் பார்த்தார்.

"சாப்பிட வரலைங்க. சாமான் கொடுக்க வந்தேன்."

"எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லிட்டுத்தான் பூந்துடறாங்க. பின்னால போங்க சார்!"

ஒருவழியாக உள்ளே போனதும், குடும்பம் மேஜையில் உட்கார, மூத்தவர் கல்லாவுக்குப் போனார். "அம்மா, தெரியாம எடுத்துட்டுப் போயிட்டேன். இந்தாங்க."

"ஐயோ, கொடுத்தது கொடுத்ததுதான்! உங்க வீட்ல இருந்தா எங்க வீட்ல இருக்கற மாதிரி."

மூத்தவர் முகம் மலர்ந்து திரும்பினார். "பாத்தீங்களா? வேணாங்கறாங்க. கிளம்பலாம்."

"போங்க மறுபடியும்" என்றாள் மனைவி.

போனார். அம்மாள் முன்னைவிட அன்பாக மறுத்தார். மூத்தவர் கிண்ணமும் கையுமாக மேஜைக்கு வந்தார். கடையில் பாதிப் பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். மூத்தவர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"ஏய் ஆடு, இவங்ககிட்ட என்னதான்யா சொல்லணும்? உனக்குத் தெரியும்ல, சொல்லித் தொலை!"

மெக்கானிக் ரொட்டியைப் பிய்த்தார். இந்த நொடிக்காக எத்தனை வாரம் வரிசையில் நின்றிருக்கிறார்! "பேரச் சொல்லிக் கேளுங்க அண்ணே. சொல்றேன்."

மூத்தவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மனைவியின் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில், அதாவது மூன்று மேஜைக்குக் கேட்கிற மாதிரி, கேட்டார்: "இவன் பேரு என்னடி?"

மெக்கானிக் பல விதமாக ஒத்திகை பார்த்திருந்தார். வீம்புக்குச் சொல்ல மறுப்பார், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார், கண் கலங்கச் சொல்வார். தெரியவே தெரியாது என்பது எந்த ஒத்திகையிலும் இல்லை. மூத்தவரின் மனைவி தலைகுனிந்தபடி பெயரைச் சொன்னாள். மூத்தவர் பாலிசி விண்ணப்பத்தைப் பார்த்து வாசிப்பதுபோல் அதைத் திருப்பிச் சொன்னார்.

அந்த நிமிடம் வரை, 'இன்னும் ஒரே தடவை கேளுங்க, வாங்கிப்பாங்க' என்று சொல்வதாகத்தான் மெக்கானிக் இருந்தார்.

"ஏழு தடவை அண்ணே" என்றார், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் அதே நிதானத்தோடு. "முதல்லேருந்து எண்ணணும். கையக் கூப்பி, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் குனிஞ்சு. சத்தமா சொல்லணும், அவங்களுக்கு அதுதான் மரியாதை. முக்கியமா, நடுவுல அவங்க வாங்கிட்டாலும் நிறுத்திடக் கூடாது. நிறுத்தினா குடும்பத்துக்கே அவமானம்."

அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கைக்குட்டையைத் தேடினாள்.

மூத்தவர் கல்லாவுக்குப் போனார். தொப்பை இடம் கொடுத்த அளவுக்குக் குனிந்து, கடை முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, தயவுசெஞ்சு இதை வாங்கிக்குங்கம்மா!" என்றார். அம்மாள் நெஞ்சில் கை வைத்து, கண்கள் பனிக்க, கிண்ணத்தை வாங்கிப் பின்னால் அலமாரியில் வைத்தார்.

இன்னும் ஆறு பாக்கி இருந்தது.