பாலத்தின் நடுவில் அக்கா

ஆரோக்கியசெல்வி விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். பதினோரு வருஷமாகப் பெண்ணையாற்றுப் பாலத்தை ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது கடந்தவள், ஆற்றைப் பார்த்ததில்லை. முன்னால் லாரி, பின்னால் பஸ், பக்கத்தில் பைக். கண் எங்கே திரும்பும்?

புயல் வெள்ளத்தில் பாலத்தின் ஒரு தூண் இறங்கிவிட, வண்டிகளைத் தடுத்துவிட்டார்கள். பஸ்கள் இருபது கிலோமீட்டர் சுற்றிப் போயின. அவசரக்காரர்கள் நடந்தே கடந்தார்கள். அப்படி வருகிறவர்களை ஏற்றிப்போகச் செல்வி இக்கரையில் காத்திருப்பாள்.

மார்கழியில் ஒரு காலை, ஆட்களைக் காணோம். சும்மா பாலத்தில் ஏறி நடந்தாள். பனி ஆற்றை மூடியிருந்தது. நாணல் நுனிகள் மட்டும் அதில் மிதந்தன. ஹாரன் இல்லாத அமைதியில் தன் செருப்புச் சத்தமே யாரோ கூட வருவதுபோல் கேட்டது. எதிரே பனிக்குள் ஓர் உருவம் கரைந்து கரைந்து திரண்டது. கிட்டே வந்ததும் தெரிந்தது, இருதயமேரி. கூடப்பிறந்த அக்கா.

அம்மா படுக்கையில் விழுந்தபோது யார் வைத்துப் பார்ப்பது என்று இருவரும் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. அடக்கத்தன்றுகூட ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அதற்கப்புறம் ஆறு வருஷம் பேச்சில்லை. அக்கரை ஊர்க்காரியான அக்கா தினமும் பஸ்ஸில் விழுப்புரத்துக்கு ஹாஸ்டல் சமையலுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். அந்தப் பஸ்ஸும் இந்த ஆட்டோவும் பாலத்தில் எத்தனையோ முறை உரசுகிற மாதிரி போயிருக்கும்.

நடக்கிறவர்களால் அப்படிப் போய்விட முடியவில்லை. அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றாள். முழங்கால் வீங்கியிருந்தது.

“இன்னாக்கா, நடந்தேவா வர்ற?”

“இத்தினி நாளு சுத்திக்கினு பஸ்ஸுலதான் வந்தேன். சோறு வடிக்க நேரமாயிடுது.”

செல்வி கையை நீட்டினாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். பழசை இருவரும் எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அக்கா மெல்லச் சொன்னாள்:

“நீ அம்மா மாதிரியே நடக்கிற.”

செல்வி அழுதாள். பனியில் அது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் பாலத்தின் நடுவரை போய் அக்காவைக் கூட்டிவந்தாள். சாயங்காலம் அதேபோல் கொண்டுவிட்டாள்.

ஆடியில் பாலத்தைத் திறந்தார்கள். அன்று மாலை அக்கரைக்குப் போன ஆட்டோ, நடுப்பாலத்தில் வண்டி நெரிசலில் அரைமணி நேரம் சிக்கியது. சுற்றிலும் ஹாரன். செல்வி இன்ஜினை அணைத்துவிட்டு, கீழே மணலில் பிரிந்து பிரிந்து ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் அக்கா தூங்கிப்போயிருந்தாள். ஊர் வந்ததும் மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள். செல்வி அக்காவை எழுப்பவில்லை. வேப்பமரத்தடியில் ஆட்டோவை ஓரங்கட்டி, தானாக விழிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.