பரங்கிப்பேட்டை மாப்பிள்ளையின் அலை

நேற்று துபாயிலிருந்து மச்சான், என் மனைவியின் தம்பி, வீடியோவில் வந்தான். மீசையில் ஒட்டியிருந்த தயிர்கூடத் தெரிந்தது. "என்னா கிளியரு பாத்தீங்களா மச்சான்!" என்றான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்.

சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது எனக்குச் சாலிட்டான் பைத்தியம். கண்ணாடி இழைக்குள் அனுப்பும் ஒளித்துடிப்பு போகப்போக அகன்று கலைந்துவிடும். சாலிட்டான் மட்டும் தன் வலுவாலேயே உருக்குலையாமல் ஓடும். கணினித் திரையில் அது கடல் தாண்டுவதைப் பார்த்துத் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அந்த நேரத்தில்தான் பெண் பார்க்கப் பரங்கிப்பேட்டை போனோம். கருவாட்டு வாசனை அடித்தால் இன்றும் அந்தக் கூடம்தான் நினைவுக்கு வரும். "மாப்ள கடலுக்கடியில போற போன் லைனுக்கு அலை செய்யறாரு" என்று தரகர் என் படிப்பை ஒரே வரியில் முடித்துவிட்டார். ஐஸ் கம்பெனி வைத்திருந்த மாமனாருக்கு அதுவே போதும். மகன் அப்போதே துபாயில். கல்யாணத்துக்குப் பிறகு, அவனோடு பேசப் போகும்போதெல்லாம் எஸ்டிடி பூத்தின் புழுக்கமான கூண்டுக்குள் என்னையும் இழுத்துக்கொள்வார். லைன் இரைந்தால் வெளியே நிற்பவர்களிடம், "இருங்கப்பா, நம்ம மாப்ள அலை வந்துட்டா எல்லாம் செரியாயிடும்" என்பார். ஐயோ, மானம் போகும்! அந்த இரைச்சலுக்கும் என் அலைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சொல்லிப் பார்த்தேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அலை வரவேயில்லை. ஒளிக்குத் தெம்பூட்டக் கடலுக்குள் வழிநெடுக வைக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் வேண்டாத சலசலப்பையும் சேர்த்தே ஊட்டின. சாலிட்டான்கள் தடுமாறி, முன்னே பின்னே வந்து சேர்ந்தன. ஒரே இழையில் பல நிற ஒளிகளை விட்டால் மோதிக்கொண்டன. கலைந்தால் கலையட்டும், கரையில் சிப் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று உலகம் வேறு வழியில் போய்விட்டது. நான் கடலூரில் கல்லூரி வாத்தியாரானேன்.

கடலூர் ஆஸ்பத்திரியில்தான் மாமனாரைச் சேர்த்திருந்தோம். செல்போனில் மகனின் குரல் விட்டுவிட்டு வந்தது. அவர் போனை என்னிடம் நீட்டினார்.

"புள்ள என்னா சொல்றான்னே புரியல மாப்ள. ஒங்க அலைய கொஞ்சம் உடுங்களேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை படித்தவன், ஜன்னலோரம் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தேன். லைன் கட்டாகிவிட்டது. மறுபடி கிடைத்தபோது பேச அவர் இல்லை.

"அப்பா இருந்திருந்தா, இது எங்க மாப்ள அலைன்னு பேட்டை பூரா சொல்லியிருப்பாரு" என்று மச்சான் நேற்று சிரித்தான்.

"இதுல என்னுது ஒண்ணுமில்லடா" என்றேன்.

"தெரியும் மச்சான்" என்றான்.

எஸ்டிடி பூத்தும் போய்விட்டது, இரைச்சலும் போய்விட்டது. என் அலை இல்லையென்று நான் சொன்னால் இப்போது எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.